ரேடியோவில் வந்த குளவி

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் நம் பழைய கூட்டாளிகள் நாலைந்து பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தபோது பேச்சு டிவியில் வந்து நின்றது. பேரப்பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படத்துக்குள்ளும் கட்சிக்காரன் புகுந்துவிட்டான், முயலும் கரடியும் வந்து யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பாடம் எடுக்கின்றன என்று ஒருத்தி குறைப்பட்டாள். "நம்ம காலத்துல இப்படியெல்லாம் இருந்துச்சா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

இருந்தது. டிவிதான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. அன்றைய தோட்டத்துக் கூட்டாளிகளே, நீங்களும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டீர்கள். மறந்துபோயிருக்கும். எனக்கு மறக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கை மலையகத்தின் லிந்துலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று மைல் ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். தோட்டத்தை நடத்த வெள்ளைக்காரத் துரை புதிதாக வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் லொறியில் ஒரு மரப்பெட்டி வந்தது. ஆபீஸ் ஜன்னலோரம் ரேடியோவை வைத்தார்கள். வெளியே பெரட்டுக் களத்தின் ஓரத்தில் இருந்த சவுக்கு மரத்தில், பூசணிப் பூவைக் கவிழ்த்துக் கட்டியது மாதிரி ஒரு ஸ்பீக்கர். காலையில் ஆள் பிரிக்கிற அந்தக் களத்தில், சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகளைச் சாக்கு விரித்து உட்கார வைத்தார்கள். துரை பிள்ளைகளுக்காகவே வாங்கிக் கொடுத்தது என்றார் ஆபீஸ் வேலையெல்லாம் பார்த்த பெரிய கிளாக்கர்.

ரேடியோவின் சாவி பெரிய கிளாக்கரிடம்தான் இருக்கும். சிறுவர் நிகழ்ச்சி தொடங்க ஒரு நிமிடம் இருக்கும்போது திறப்பார். அது முடிந்து, "அடுத்து வருவது செய்தி" என்று குரல் கேட்டதும் உள்ளே ஓடிப்போய் மூடிவிடுவார். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே சில பேர் காத்திருப்போம். பெரியவர்களுக்குச் செய்தி கிடையாது, பிள்ளைகளுக்குக் கதை உண்டு. வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் யாருக்கும் ஓட்டும் இல்லாத காலம் அது. இதிலெல்லாம் ஏதோ இருக்கிறது என்று ஒன்பது வயதில் யாருக்குத் தோன்றும்?

நிகழ்ச்சியை நடத்தியவர் ரேடியோ அக்கா. குரல் கேட்டால் பாவாடை கட்டிய சின்னப் பெண் என்று நினைப்போம். பாட்டு, விடுகதை எல்லாம் முடிந்து கடைசியில் பத்து நிமிடம் தொடர் நாடகம். தேன்வனம் என்று ஒரு தோட்டம். அங்கே ராஜாத் தேனீ. அவருக்குக் கீழே ஆயிரம் தேனீக்கள் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தேன் சேர்க்கும். சேர்க்கும்போது இப்படிப் பாடும்:

பூவெல்லாம் நம் பூவே,
தேனெல்லாம் ராஜாத் தேனே!
கேள்வி கேட்டால் சிறகு வாடும்,
வேலை செய்தால் வாழ்வு கூடும்!

இந்தத் தேன்வனத்துக்கு எங்கிருந்தோ ஒரு குளவி வந்து சேர்கிறது. வேலை எதுவும் செய்யாது. கிளைக்குக் கிளை போய்த் தேனீக்களிடம், "ஏன்? எதற்கு? யாருக்கு? ஸ்ஸ்ஸ்!" என்று கேட்கும். அதைக் கேட்ட தேனீக்கள் வேலையை விட்டு யோசிக்கத் தொடங்கும். யோசித்த தேனீக்கு அந்த வாரமே ஏதாவது கெடுதல் வரும். மழையில் நனையும், சிலந்தி வலையில் மாட்டும். ராஜா வந்து காப்பாற்றுவார். எல்லோரும் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்பார்கள்.

குளவி என்றால் என்னவென்று தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டுமா? மலையில் கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்துவிட்டால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். முகம் வீங்கி வந்த அம்மாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதனால்தான் எழுதியவர் குளவியைப் பிடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் பயந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

ஆனால் குளவிக்குக் குரல் கொடுத்தவர் அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டார். மூக்கால் பேசுவார். ஒரு சொல்லை இழுத்துக்கொண்டே போய், நடுவில் தும்மிவிட்டு, "எங்கே விட்டேன்?" என்று தேனீயிடமே கேட்பார். தேனீக்கள் எல்லாம் ஒரே மாதிரி, வெல்லப்பாகு ஊற்றின குரலில் நல்லதே பேசும். எந்தத் தேனீ எது என்று யாருக்கும் தெரியாது. குளவி வாயைத் திறந்தால் களம் முழுக்கச் சிரிப்பு. மூன்றாவது வாரமே தோட்டத்தில் எந்தப் பிள்ளையைத் தொட்டாலும் "ஏன்? எதற்கு? யாருக்கு?" என்றுதான் சத்தம் வரும்.

அம்மா விறகு பொறுக்கி வரச் சொன்னால் நான், "ஏன்? எதற்கு? யாருக்கு? ஸ்ஸ்ஸ்!" என்பேன்.

"ஒனக்குச் சோறாக்கத்தான். போறியா, இருக்குற வெறகால ரெண்டு போடவா?" என்பாள் அம்மா. சொல்லும்போதே சிரித்துவிடுவாள். கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வருகிற வழியில், ஈரப் படங்குச் சாக்கு இடுப்பில் கிடக்க, அவளும் களத்து மூலையில் நின்று கேட்பாள் என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் எல்லோரிலும் குளவிக் குரலை அப்படியே பிடித்தவள் மேட்டு லயத்துக்காரி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனால் என் வகுப்பு. தும்மல்கூட அச்சாக வரும். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வரிசை நிற்கும்போது அவள்தான் குளவி, மற்றவர்கள் தேனீ. அவள்தான் பாட்டையும் மாற்றினாள்: "தேனெல்லாம் ராஜாத் தேனு, நமக்கு மட்டும் சாயத்தண்ணி!" குடத்தைத் தட்டிக்கொண்டு அதைப் பாடினால் வரிசையில் நிற்கிற பெரியவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

துரைசாணி சனிக்கிழமைதோறும் நாய்க்குட்டியோடு வந்து பார்ப்பார். நாங்கள் குளவியைக் கேட்டுச் சிரிக்கச் சிரிக்க அவர் முகம் மலரும். குளவியை நாங்கள் கேலி செய்கிறோம், பாடம் நன்றாக ஏறுகிறது என்று அவர் நினைத்தார். போகும்போது ஆளுக்கு ஒரு டொபி மிட்டாய் கொடுப்பார்.

எதிர்ப்பக்கத்தில் என் பெரியப்பா. தோட்டத்துத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்தான். கூட்டத்தில் பேச எழுந்தால் முதலில் இரண்டு தடவை தொண்டையைச் செருமி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அந்தத் தொடர் என்னதான் சொல்கிறது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை அவரும் களத்துக்கு வந்து கல்கட்டில் உட்கார்ந்தார். அன்றைக்குப் பார்த்துக் குளவி இரண்டு தடவை தொண்டையைச் செருமியது. "தோழர்களே! இந்தத் தேன் யாருடைய தேன்?" என்று தொடங்கியது.

அறுபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பெரியப்பாவைப் பார்த்தோம்.

பெரியப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அன்று மாலை எங்கள் காம்பராவுக்கு வந்து அப்பாவிடம் கத்தினார். "என்னையத்தான் கேலி பண்றான்! பெரிய கிளாக்கர் கொழும்புக்கு எழுதிப் போட்டிருக்கான். இல்லாட்டி நான் செருமுறது ரேடியோக்காரனுக்கு எப்படிடா தெரியும்?"

"ஊர்ல செருமுறவன் நீங்க ஒருத்தருதானா அண்ணே?" என்றார் அப்பா.

"நீ சும்மா இரு. இது கதை இல்ல, மருந்து. சக்கரைக்குள்ள வச்சுக் குடுக்குறான். இனிமே நம்ம லயத்துப் புள்ளைக எதுவும் அங்க போய் ஒக்காரக் கூடாது. சொல்லிப்புட்டேன்!"

மருந்து என்று அவர் சொன்னது சரிதான். இன்று நினைத்தால் அந்தத் தோட்டத்திலேயே அதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் அவர் ஒருவர்தான். அந்த மருந்தைக் குடித்த பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கிறது என்பதைத்தான் அவரும் பார்க்கவில்லை, துரைசாணியும் பார்க்கவில்லை. களத்துக்குப் போகாதே என்றால் என்ன? பீலிக்கரை வரைக்கும் ஸ்பீக்கர் சத்தம் கேட்கும். அங்கே நின்று கேட்டோம். டொபி மட்டும்தான் நஷ்டம்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூடத்தில் அந்தச் செய்தி வந்தது. எங்கள் பள்ளிக்கூடம் ஒரே நீள அறை, ஒரே மாஸ்டர். முன்பாதியில் சின்ன வகுப்புகள், பின்பாதியில் நாலாம் வகுப்பு. மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர், மெல்லிய ஆள், குடையை விடமாட்டார். ஒருநாள் பாடம் முடிந்த பிறகும் எங்களை இருக்கச் சொன்னார்.

"பிள்ளையள், வாற வருசம் நாலாம் வகுப்பு இல்லையாம். பின்பக்கத்திலை உரமூட்டை அடுக்கப் போகினம் எண்டு கந்தோரிலை சொல்லிப்போட்டினம்" என்றார். கந்தோர் என்று அவர் சொல்வது ஆபீஸை. பிறகு கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நாலாம் வகுப்பு இல்லையென்றால், மூன்றாம் வகுப்பில் இருந்த நாங்கள் நேராகப் புல்லு வெட்டுகிற கூட்டத்துக்குத்தான் போக வேண்டும். மேட்டு லயத்துக்காரியின் பெயர் ஏற்கெனவே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டிருந்தது. அவள் அழவில்லை. வழியில் ஒரு தேயிலைச் செடியைப் பார்த்து நின்று, "ஏன்? எதற்கு? யாருக்கு?" என்றாள் குளவிக் குரலில். அதைக் கேட்டு நான் சிரிக்காதது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா இரண்டு முறை ஆபீசுக்குப் போனார். இரண்டு முறையும் பெரிய கிளாக்கர் ஜன்னலிலேயே நிறுத்தி, "தொரைகிட்ட சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார்.

அந்த மாதமே கொழும்பிலிருந்து கடிதம். ரேடியோ அக்காவும் அவர் கூட்டத்தாரும் வண்டியில் வருகிறார்கள், தேன்வனத்துப் பாட்டைத் தோட்டத்துப் பிள்ளைகள் பாடுவதைப் பதிந்து ஒலிபரப்பப் போகிறார்கள். துரைசாணிக்குத் தலைகால் புரியவில்லை. பதினாறு பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார். பங்களாவின் பழைய மஞ்சள் திரைச்சீலைகளை வெட்டிச் சட்டை தைத்து, அதில் கறுப்பு நாடா வைத்தார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற வெள்ளி மாதிரியான ஈயத்தாள் இருக்கிறதே, அதில் சிறகு. முதுகில் அதைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றால் கண் கூசும். ரேடியோவில் இதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

பெரியப்பா வந்து என்னை அனுப்பக்கூடாது என்றார். அம்மா சோறு வடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "மஞ்சத் துணி நல்ல கெட்டித் துணி மாமா. கழுவிப் போட்டா ரெண்டு வருசத்துக்கு ஒழைக்கும். பாட்டு காத்தோட போயிரும், சட்டை இங்கதான இருக்கும்." பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

ஒத்திகை நடந்தது. பாட்டு முடிந்ததும் ரேடியோ அக்கா, "வளர்ந்து யாராக விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார். நாங்கள் ஒரே குரலில், "நல்ல தேனீக்களாக!" என்று சொல்ல வேண்டும். பெரிய கிளாக்கர் கையில் பிரம்போடு நின்று இருபது தடவை சொல்ல வைத்தார்.

அந்த நாள் நல்ல வெயில். முந்தின நாள் மழையில் கழுவிவிட்ட மலை பச்சைப்பசேலென்று இருந்தது. வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டபோதே எங்கள் சிறகுகள் படபடக்கத் தொடங்கிவிட்டன. முதலில் இறங்கியவர் மூக்குக்கண்ணாடி போட்ட, பருத்த, நரை விழுந்த ஓர் அம்மாள். "வணக்கம் செல்லங்களே!" என்றார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சின்னப் பெண் குரல் இந்த உடம்புக்குள்ளிருந்தா வருகிறது! அவருக்குப் பின்னால் வயரும் பெட்டியுமாக ஓர் ஒலிப்பதிவுக்காரர். கடைசியாகக் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஒல்லி மனிதர் குடையோடு இறங்கி ஓரமாகப் போய் நின்றார்.

நின்றவர் தும்மினார்.

மேட்டு லயத்துக்காரி வரிசையை விட்டு ஓடினாள். "சார், நீங்கதான குளவி?"

அவர் சுற்றும்முற்றும் பார்த்துக் குனிந்தார். "ஓம் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அரை நிமிடத்தில் பதினாறு தேனீக்களும் அவரைச் சுற்றி நின்றோம். "குளவி மாமா, பேசுங்க! குளவி மாமா, தும்முங்க!" அவரும் மறுக்கவில்லை. மெல்ல, எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏன்? எதற்கு? யாருக்கு? ஸ்ஸ்ஸ்!" என்றார். கொழுந்து வேலை விட்டுச் சாப்பாட்டுக்கு வந்த பெண்கள் கூடைகளோடு களத்தைச் சுற்றி நின்றுவிட்டார்கள். என் அம்மாவும் இருந்தாள். பின்னால், கல்கட்டுக்கு அந்தப் பக்கம், வராத மாதிரி வந்திருந்த பெரியப்பா.

துரையும் துரைசாணியும் நாற்காலியில் உட்கார, பாட்டைத் தொடங்கினோம். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை. ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்ன இது, தகரத்துல மழை பெய்யுதா?" என்று கேட்டார். எங்கள் சிறகுகள்தான். மூச்சு விட்டாலும் சளசளவென்றன. "கழட்டுங்க எல்லாத்தையும்!" துரைசாணி ஒரு வாரம் உட்கார்ந்து செய்த சிறகெல்லாம் கழன்று சவுக்கு மரத்தடியில் குவிந்தது. அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

சிறகில்லாமல் பாடினோம். நன்றாகத்தான் பாடினோம். ரேடியோ அக்கா மைக்கை எங்கள் பக்கம் நீட்டி, அந்தத் தேன் குரலில், "வளர்ந்து யாராக விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்.

"நல்ல…" என்று பாதிப்பேர் தொடங்கினோம்.

"குளவி!" என்றாள் மேட்டு லயத்துக்காரி.

அவ்வளவுதான். "குளவி! குளவி! குளவி!" என்று பதினாறு பேரும் குதித்தோம். பெரிய கிளாக்கர் பிரம்பை ஓங்கி, மைக்கைப் பார்த்துக் கீழே இறக்கினார்.

ரேடியோ அக்கா எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவர்! சிரிப்பு மாறாமல் சமாளிக்கப் பார்த்தார். "அடடா! ஏன் குளவி?"

அவர் 'ஏன்' என்று கேட்டிருக்கக் கூடாது. மேட்டு லயத்துக்காரி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். மூக்கால் இழுத்தாள். "குளவிதான் கேக்கும். நாலாம் வகுப்பை ஏன் மூடுறீங்க? எதுக்கு மூடுறீங்க? அந்த எடம் யாருக்கு? ஒர மூட்டையா படிக்கப் போவுது? ஸ்ஸ்ஸ்!"

பெண்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மாவின் சிரிப்பு எல்லோருடையதையும் தாண்டி மேலே போனது. அப்புறம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் துரை ஞாபகம் வர, நாற்காலிப் பக்கம் திரும்பினார்கள்.

புதுத் துரைக்குத் தமிழ் வேலைக்காட்டுத் தமிழ் மட்டும்தான். பெரிய கிளாக்கரைப் பார்த்து என்ன என்று இங்கிலீசில் கேட்டார். பெரிய கிளாக்கர் குனிந்து நீளமாக ஏதோ சொன்னார். துரை மகிழ்ச்சியோடு தலையாட்டிக் கைதட்டினார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்காகத் துரைக்கு நன்றி சொல்கிறார்கள் என்று சொன்னாராம். இங்கிலீசு தெரிந்த மாஸ்டர் பிறகு எங்களிடம் சொன்னது. அந்த நேரத்தில் மாஸ்டர் குடைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த கோபம் பெரிய கோபம். தோட்டம் கொடுத்த வேலையும் தோட்டம் கொடுத்த வீடுமாக இருந்தவர் என்பது பின்னால்தான் புரிந்தது.

குளவி மாமா தும்மினார். குடையைச் சவுக்கு மரத்தில் சாத்திவிட்டு முன்னால் வந்தார். மேட்டு லயத்துக்காரி கேட்டதை ஒன்றுவிடாமல் இங்கிலீசில் சொன்னார். குளவிக் குரலிலேயே சொன்னார், கடைசி 'ஸ்ஸ்ஸ்' வரைக்கும்.

முதலில் சிரித்தது துரைசாணி. சிரித்த பிறகுதான் சொன்னது காதில் ஏறியிருக்க வேண்டும். துரையின் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ கேட்டார். துரையின் கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறுவதை நாங்கள் வேடிக்கை பார்த்தோம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் பார்க்கிறார்கள், பெட்டியில் நாடா சுற்றிக்கொண்டே இருக்கிறது. துரை எழுந்தார்.

"ஸ்கூல் மூட இல்லே. மூட இல்லே. சரி?"

கல்கட்டுக்குப் பின்னாலிருந்து இரண்டு தடவை செருமல் கேட்டது. "நாலாம் வகுப்புங்களா தொரை?" என்றார் பெரியப்பா.

"நாலு. சரி. நாலு."

பெரியப்பா கல்கட்டைத் தாண்டி வந்து ஒலிப்பதிவுக்காரரிடம் கேட்டார்: "தம்பி, இது பொட்டியில ஏறிருச்சா?"

"ஏறிருச்சுங்க."

அப்போது எழுந்த சிரிப்பும் கூச்சலும் கீழே ரோட்டு வரைக்கும் கேட்டிருக்கும். மேட்டு லயத்துக்காரியைப் பெண்கள் தூக்கிவிட்டார்கள். வண்டி புறப்படும் முன் பெரியப்பா குளவி மாமாவிடம் போய் நின்றார். துண்டை ஒருமுறை உதறிப் போட்டுக்கொண்டார்.

"என்னையத்தான் கேலி பண்றீங்கன்னு இத்தனை நாளா நெனச்சுட்டேங்க."

"உங்களை எனக்கு முந்தித் தெரியாதே ஐயா. என்ரை பெரியப்பா ஒருத்தர் இப்பிடித்தான் செருமிப்போட்டுக் கதைக்கிறவர்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒலிபரப்பு. களத்தில் சாக்கு போதவில்லை. பெரியப்பா முன்வரிசையில். பாட்டு வந்தது. கேட்டதுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது நாங்கள் இல்லை. கொழும்புப் பிள்ளைகள் யாரோ, அழுத்தம் திருத்தமாகப் பாடினார்கள். "தோட்டத்துச் சிறுவர்கள் எல்லோரும் நல்ல தேனீக்களாக விரும்புகிறார்களாம், நேயர்களே!" என்றார் ரேடியோ அக்கா. கேள்வியும் இல்லை, துரை சொன்ன 'நாலு'ம் இல்லை. கடைசியில், தோட்டத்து மக்களின் மகிழ்ச்சி என்று சொல்லி ஒரு சிரிப்பை மட்டும் போட்டார்கள். பெண்கள் கூட்டமாகச் சிரிக்கிற சிரிப்பு.

"அது நான்!" என்று அம்மா துள்ளினாள். "அந்த மேல போற சத்தம் என்னுது!"

"ஒன்னுது இல்லடி, என்னுது" என்றாள் பக்கத்துக் காம்பரா அத்தை. அந்தச் சிரிப்பு யாருடையது என்ற வழக்கு ஒரு வாரத்துக்குப் பீலிக்கரையில் தீரவே இல்லை. ரேடியோக்காரர்கள் வெட்டியதை வெட்டினார்கள், எதைப் பார்த்துச் சிரித்தோம் என்பது எங்களுக்குத் தெரியுமே.

ஆனால் பெரியப்பா சிரிக்கவில்லை. துரை சொன்ன சொல் ரேடியோவில் வரவில்லை. இனி அது நிற்குமா? திங்கட்கிழமை உர லொறி ஏறி வந்தது. பள்ளிக்கூடத்து ஜன்னலில் எங்கள் தலைகள், மலையில் கொழுந்துக் கைகள் அப்படியே நின்றன. லொறி பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகம் குறைந்தது. பிறகு ஓர் உறுமல். அப்படியே தாண்டிப்போய் பேக்டரிக்குப் பின்னால் மூட்டையை இறக்கியது. மாஸ்டர் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கை நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, மறுபடி எழுதினார். துரைசாணிதான் அந்தச் சொல்லை நிற்க வைத்தார் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை தேன்வனத்தில் குளவி வந்தது. ஆனால் குரல் வேறு. மூக்கு இல்லை, இழுப்பு இல்லை, தும்மலும் இல்லை. "நான் செய்தது பிழை. இனிக் கேள்வி கேட்க மாட்டேன்" என்று அந்தக் குரல் ராஜாவின் காலில் விழுந்தது.

"இது குளவி இல்ல" என்றாள் மேட்டு லயத்துக்காரி. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு போனாள். நாங்களும் ஒவ்வொருவராக எழுந்து போனோம். ஒரு மாதத்துக்குள் களத்தில் துரைசாணியின் நாய்க்குட்டி மட்டும்தான் ரேடியோ கேட்டது.

குளவி மாமாவுக்குக் காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ரேடியோ நிலையத்துக்குக் கடிதம் போட்டோம். பதில் இல்லை. வருடம் திரும்பி, நாங்கள் நாலாம் வகுப்பில் உட்கார்ந்து மூன்று மாதம் ஆன பிறகு, ஒரு தபாலட்டை வந்தது. 'குளவிக் கூட்டம், நாலாம் வகுப்பு' என்று மேல்விலாசம். அதைப் பெரிய கிளாக்கரே கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்து வந்தார். படித்திருப்பார், சந்தேகமில்லை. மாஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

'உங்கள் கடிதம் பல கை மாறி என்னிடம் வந்தது. நான் இப்போது ரேடியோவில் இல்லை. யாழ்ப்பாணத்தில் அண்ணன் கடையில் புகையிலை விற்கிறேன். குளவி திருந்திவிட்டதாக யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். நாலாம் வகுப்பு நடக்கிறதா?'

கடையில் இருக்கிறார் என்றதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம். சொந்தக் கடை, பெரிய ஆளாகிவிட்டார் என்று கைதட்டினோம். மாஸ்டர் கைதட்டவில்லை. அந்த இங்கிலீசு நாலு வரிக்காக அவர் எதைக் கொடுத்தார் என்பது மாஸ்டருக்கு மட்டும்தான் அன்று தெரிந்திருந்தது.

என் எழுத்து அழகாக இருக்கும் என்று பதில் எழுத என்னைச் சொன்னார்கள். என் பெயரில்லாமல் எல்லோருக்கும் பொதுவாக எழுதினேன். 'நடக்கிறது. பதினோரு பேர் படிக்கிறோம். அடுத்த வருசம் ஐந்தாம் வகுப்பும் வறப்போகிறது.'

ஐந்தாம் வகுப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அது என் கை தானாக எழுதியது. மாஸ்டர் வாங்கிப் படித்தார். 'வறப்போகிறது' என்பதில் இருந்த வல்லின றகரத்தை அடித்து இடையினமாக்கினார். மறுபடியும் படித்தார். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பொய் எழுதித் தபாலிலை போடேலாது பிள்ளை" என்றார். "நாளைக்குக் காலமை கந்தோருக்குப் போய்க் கதைச்சுப்போட்டு வாறன். பிறகு போடுவம்."

மறுநாள் காலையில் குடையில்லாமல் போனார். பெரியப்பா கூடப் போனார். அவர்களை ஜன்னலில் நிறுத்தவில்லை, உள்ளே கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். வெள்ளிக்கிழமை தபால்காரனிடம் அட்டையை மாஸ்டரே கொடுத்தார். அடுத்த தை மாதம் பின்பாதியில் ஐந்தாம் வகுப்புக்கென்று ஒரு வாங்குப் பலகை கூடுதலாக வந்தது. நானும் மேட்டு லயத்துக்காரியும் அதில் உட்கார்ந்தோம்.